செக் வசூலில் தாமதமும் ஓவர்டிராப்ட் நஷ்டமும்

நவரை நெல் களத்தை விட்டு நீங்கும் காலமும் சொர்ணவாரிக்கு நாற்றங்கால் தயாரிக்கும் காலமும் அடுத்தடுத்து வருவன. ஒரு போகத்தின் வரும்படியைக் கொண்டே மறு போகத்தின் செலவை நடத்த வேண்டியிருப்பதால், தாம்பரத்தைச் சுற்றிலுமுள்ள மணிமங்கலம், படப்பை, சோமங்கலம் முதலிய கிராமங்களின் நிலச்சுவான்தார்களுக்குச் சித்திரை மாதத்தில் ஒவ்வொரு நாளும் ரொக்கத்தின் அருமை தெரியும். நெல் வியாபாரி கொடுத்த செக்கைப் பாங்கியில் செலுத்திவிட்டு, பணம் வந்துவிட்டதாகவே எண்ணி, அறுவடை இயந்திரக்காரருக்கும் உரக்கடைக்கும் தாம் செக் எழுதிக் கொடுத்துவிடுவோர் பலர். வரவேண்டிய பணம் கணக்கில் ஏறுமுன் தாம் எழுதிய செக் பாங்கிக்கு வந்து சேர்ந்தால், அது பணமில்லையென்று திரும்பும். அல்லது இருப்புக்கு மேற்பட்ட பற்றாக, அதாவது ஓவர்டிராப்டாகப் பதிவாகி வட்டி ஏறும். இதனால் நேரும் நஷ்டத்தின் காரணத்தையும், அதைத் தவிர்க்கும் வழியையும் இங்கே எடுத்துக் கூறுவோம்.

செக் செல்லும் வழி

செக் என்பது, குறித்த தொகையைக் கொடுக்கும்படி ஒருவர் தம்முடைய பாங்கிக்கு எழுதும் உத்தரவாம். அதைப் பெற்றவர் தம் பாங்கியில் செலுத்தினால், அந்தப் பாங்கி எழுதியவருடைய பாங்கியிடம் கேட்டுப் பணத்தை வசூலிக்க வேண்டும். பாங்கிகள் தமக்குள் இவ்வாறு செக்குகளைப் பரிமாறிக் கணக்குத் தீர்ப்பதற்குக் கிளியரிங் என்று பெயர்.

முற்காலத்தில் காகிதமே ஊர்விட்டு ஊர் சென்றது. புறநகர்க் கிளைகளில் செலுத்திய செக்குகள் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு, பிரிக்கப்பட்டு, அந்தந்தப் பாங்கிக்குச் சேர்ந்த பிறகே விடை கிடைத்தது. சென்னையில் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 24 முதல், காகிதத்திற்குப் பதிலாக அதன் படத்தை அனுப்பும் முறை தொடங்கிற்று. அதன் பின்னும் செக்குகள் தொகுதி தொகுதியாகவே பைசலாயினமையால், செலுத்திய மறு வேலைநாளிலேயே பெரும்பாலும் பணம் கிடைத்து வந்தது.

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 4 முதல் ரிசர்வ் பாங்கி இம்முறையை மாற்றியது. இப்போது செக்கின் படம் பகலில் இடைவிடாது அனுப்பப்படுகிறது. எழுதியவருடைய பாங்கி அன்று மாலை 7 மணிக்குள் சம்மதமோ மறுப்போ தெரிவிக்க வேண்டும். தெரிவியாவிடில் சம்மதமாகவே கொள்ளப்படும். ஆயினும் புது முறை தொடங்கிய அம்மாதத்திலேயே, தீபாவளியை ஒட்டிய நாட்களில், பல ஊர்களில் செக்குகள் நாட்கணக்கில் தேங்கி நின்றன. மைய இயந்திர அமைப்பில் கோளாறுகள் நேர்ந்ததை, கிளியரிங்கை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகமும் ஒப்புக்கொண்டது. ஆகையால், ஒரே நாளில் பணம் வருமென்னும் விதியை நம்பி மட்டும் செலவை ஏற்பாடு செய்தல் தகாது.

தாமதம் நேரும் இடங்கள்

முதலாவது, செக் பெட்டி. மாலையில் பெட்டியிலிட்ட செக் மறு வேலைநாளில்தான் எடுக்கப்படும். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் பாங்கிகளுக்கு விடுமுறையாதலால், அவற்றின் முந்திய வெள்ளி மாலையில் இட்டது திங்கள் வரை பெட்டியிலேயே கிடக்கும்.

இரண்டாவது, இடைப் பாங்கி. கிளியரிங்கில் நேர் உறுப்பினரல்லாத சிறு கூட்டுறவு ஸ்தாபனங்கள் வேறொரு பாங்கியின் வழியாகவே செக்கை அனுப்ப வேண்டியிருப்பதால், காலம் சற்றுக் கூடும்.

மூன்றாவது, செக்கிலுள்ள குற்றம். எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம் கடந்த செக் செல்லாது. தேதியைப் புதுப்பித்தல் தவிர வேறு அடித்தல் திருத்தல் இருந்தால் கிளியரிங்கில் ஏற்கப்படாது. 50,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான செக்குகளின் விவரத்தை எழுதியவர் தம் பாங்கிக்கு முன்னரே அறிவிக்கும் ஏற்பாடு 2021-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் உண்டு. 5 லட்ச ரூபாயும் அதற்கு மேலுமான செக்குகளுக்கு இதைக் கட்டாயமாக்கப் பாங்கிகளுக்கு அனுமதியுண்டு.

ஓர் உதாரணக் கணக்கு

ஒரு விவசாயியின் கணக்கில் 12,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். வியாபாரி கொடுத்த 1,80,000 ரூபாய் செக்கை வெள்ளி மாலை பெட்டியில் இடுகிறார். அன்றே அறுவடை இயந்திரக்காரருக்கு 60,000 ரூபாய்க்குச் செக் எழுதித் தருகிறார். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. திங்கட்கிழமை இரண்டு செக்குகளும் கிளியரிங்கிற்குச் செல்லுகின்றன. வியாபாரியின் பாங்கி மாலையில் சம்மதம் சொல்லுகிறது. அதற்குள் நண்பகலிலேயே விவசாயியின் பாங்கி 60,000 ரூபாய் செக்கைப் பார்த்துப் பணம் போதாதென்று திருப்பிவிடுகிறது. சில மணி நேரமே வித்தியாசம்.

திரும்பிய செக்கிற்குக் கட்டணம் பாங்கிக்குப் பாங்கி வேறுபடும். 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரக்காரருடைய பாங்கியும் அவரிடம் ஒரு கட்டணம் பிடிக்கும். அதையும் அவர் விவசாயியிடமே கேட்பார். முன்கூட்டி ஓவர்டிராப்ட் ஏற்பாடு செய்திருந்தால், குறைந்த 48,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியென்றாலும், மூன்று நாளைக்குச் சுமார் 71 ரூபாயே ஆகும். பயிர்ச் செலவுக்காக 1998-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கிஸான் கிரெடிட் கார்டுக் கணக்கில், 2025-26-ஆம் ஆண்டுச் சலுகைப்படியான 7 சதவீத வட்டியில், அதே தொகைக்குச் சுமார் 28 ரூபாய்தான். ஆதலால் பெரிய நஷ்டம் வட்டியினால் அன்று, ஏற்பாடின்மையினாலேயே வருகிறது.

சட்டம் கூறுவது

1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி, கணக்கில் போதிய பணமிருந்தும் செக்கைத் திருப்பிய பாங்கி, எழுதியவருக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும். கணக்கில் ஏறாத செக்கை நம்பி எழுதியவருக்கு இப்பிரிவு உதவாது. 138-ஆவது பிரிவின்படி, கடனுக்காகக் கொடுத்த செக் பணமின்றித் திரும்பினால் அது குற்றமாகலாம். ஆயினும் அறிவிப்புக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தொகையைச் செலுத்திவிட்டால் குற்றம் சாராது. ஆகவே அத்தகைய கடிதத்தைப் பிரியாமல் வைப்பது பெருந்தவறு. குறைந்தபட்ச இருப்பு இல்லாமைக்காக விதிக்கும் கட்டணத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கை இருப்புக்குக் கீழே கடனாக்கலாகாது என்பதும் 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ரிசர்வ் பாங்கியின் விதி.

விவசாயிகள் கைக்கொள்ள வேண்டியவை

1. பெருந்தொகையை வியாபாரியிடம் செக்காகப் பெறுவதைவிட, நேரே கணக்கிற்கு அனுப்பச் சொல்லுக. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 16 முதல் நெப்ட் முறையில் எந்த நாளும் எந்நேரமும் பணம் அனுப்பலாம்.

2. செக்கே பெற்றால், தேதி, எழுத்திலும் எண்ணிலும் தொகை, கையொப்பம் ஆகியவற்றை அங்கேயே பார்த்து வாங்குக. காலையிலேயே பாங்கியில் நேரில் கொடுத்து, முத்திரையிட்ட ரசீது பெறுக.

3. பணம் ஏறியதைக் கணக்குப் புத்தகத்திலோ கைப்பேசிச் செய்தியிலோ கண்ட பின்னரே பிறருக்குச் செக் எழுதுக. அவசரமாயின் தேதியைச் சில நாள் தள்ளியிடுக.

4. நடவுக்கு முன்னரே பயிர்க்கடன் வரம்பை ஏற்பாடு செய்துகொண்டு, அறுவடை, உரச் செலவுகளை அக்கணக்கிலிருந்தே நடத்துக.

5. தாமதம் பாங்கியினுடையதானால், ரசீதுடன் எழுத்து மூலம் முறையிட்டு, அப்பாங்கியின் செக் வசூல் கொள்கைப்படி தாமத வட்டியைக் கேட்க. 30 நாட்களுக்குள் விடை வராவிடினும், வந்த விடை திருப்தியில்லாவிடினும், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.

கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தில் உதவ வேண்டும். எழுத்தறியாத ரையத்துகள் செக்கையும் அறிவிப்புக் கடிதத்தையும் கொண்டுவந்து காட்டும்போது, தேதியையும் கெடுவையும் படித்துச் சொல்லுதல் சிறு காரியமே. அதனால் ஒரு குடும்பம் கோர்ட்டு அலைச்சலினின்று தப்பும். சொர்ணவாரி நடவும் பருவம் தவறாமல் நடக்கும்.