வேட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டையும் குறியும்

ரைபிள் துப்பாக்கி வைத்திருப்போருக்குள் நெடுநாளாக நடந்துவரும் விவாதம் ஒன்றுண்டு. குழலையும் யந்திரப் பகுதியையும் தாங்கும் மரக்கட்டையின் பள்ளத்தைச் செப்பனிட்டு, இரும்பானது அதில் இம்மியும் அசையாமல் உட்காரும்படி செய்வித்தால் குறி திருத்தமடையுமா என்பதே அது. இவ்வேலைக்குத் தொழிலாளர் ‘பெட்டிங்’ என்று பெயர் சொல்லுவர். இதைச் செய்துவிட்டால் எத்தகைய துப்பாக்கியும் பொன்னாகிவிடும் என்பார் ஒரு சாரார். பணத்தைப் பாழாக்கும் வேலை என்பார் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் தத்தம் துப்பாக்கியைப் பற்றி மெய்யே சொல்லுகின்றனர். அயலான் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லும்பொழுதுதான் பிழை நேருகிறது.

இந்தியாவில் 1972-ம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தினால் வேட்டையாடுதல் பொதுவாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கா, கானடா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் அது அனுமதிக்கப்பட்ட தொழிலாகவும் பொழுதுபோக்காகவும் இருப்பதால், இவ்விவாதமும் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கிறது. அங்கேயும் இது வெறும் வீம்பு விவகாரமன்று. குறி சில அங்குலம் பிசகி மானின் வயிற்றில் குண்டு பாய்ந்தால், அந்தப் பிராணி வெகு தூரம் ஓடி, கைக்கும் அகப்படாமல், வதைபட்டுச் சாகிறது.

காம்பு ஆடுகின்ற மண்வெட்டியால் வரப்பு வெட்டிப் பார்த்தவர்களுக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். இலை கூராகவே இருக்கலாம். வெட்டுபவன் கையும் தேர்ந்ததாக இருக்கலாம். ஆயினும் ஒரு வெட்டு விழுந்த இடத்தில் மறு வெட்டு விழாது. துப்பாக்கியின் யந்திரப் பகுதி கீழிருந்து ஏறும் திருகாணிகளால் மரத்துடன் பிணைக்கப்படுகிறது. 1898-ம் வருஷத்து ஜெர்மானிய மௌசர் துப்பாக்கியிலும் அதைப் பின்பற்றிய பல வேட்டைத் துப்பாக்கிகளிலும், யந்திரப் பகுதியின் முன் அடியில் ஒரு தடித்த முனை உண்டு. வெடியின் பின்னுதைப்பை மரத்தின்மேல் சுமத்துவது அதுவே. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான நேரமே பிடிக்கும். அதற்குள் குழல் தட்டிய மணியைப்போல் அதிருகிறது. ஒவ்வொரு வெடிக்கும் ஒரே விதமாக அதிர்ந்தால் குண்டுகள் ஒரே இடத்தை நாடும். மரத்தின் பள்ளத்தில் மேடு பள்ளங்கள் இருப்பின், திருகாணியை முடுக்கும்பொழுதே இரும்பு சற்று வளைகிறது. வெடித்த பின் பழைய இருக்கைக்குத் திரும்பாமல் சிறிது தள்ளி உட்காருகிறது. அடுத்த வெடியின் அதிர்வு வேறாகிவிடுகிறது. ஆதலால் நல்ல இருக்கை, குழலுக்கு இல்லாத குணத்தை அதற்குக் கொடுப்பதில்லை. உள்ள குணத்தை மாறாமல் காத்து நிற்கிறது.

மரத்துக்கே உரிய வேறொரு தோஷமும் உண்டு. மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதையும் கோடையில் தளர்வதையும் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். மரம் நாரின் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. குறுக்குவாட்டில் ஈரத்தை உண்டு பருக்கும். வால்நட் மரம் இதற்கு விலக்கன்று. அமெரிக்க மரைன் படையார் 1966-ம் வருஷத்தில் ரெமிங்டன் 700 என்னும் வேட்டைத் துப்பாக்கியைத் தழுவி, எம்-40 என்ற பெயரால் மரக்கட்டையுள்ள துப்பாக்கியைக் குறிபார்த்துச் சுடும் வீரருக்கு அளித்தனர். வியட்நாம் தேசத்தின் ஈரத்தில் மரம் பருத்து முறுக்கிக்கொண்டது; நேற்றுச் சரியாயிருந்த குறி இன்று மாறிப்போயிற்று. 1970-க்கு மேற்பட்ட வருஷங்களில் அத்துப்பாக்கிகளுக்குக் கண்ணாடி நாரும் பசையும் கலந்து வார்த்த கட்டை பொருத்தப்பட்டது. வேட்டைக்காரனுக்கு முதல் வெடியே முக்கியமாதலால், குண்டுகள் நெருங்கி விழுவதைவிடக் குறி நாளுக்கு நாள் நகராமலிருப்பது அவனுக்குப் பெரிய லாபம். இந்த லாபத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

லீ-என்பீல்டு துப்பாக்கியின் கதை இன்னும் போதனையுள்ளது. வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் இது பெருவாரியாகச் செய்யப்பட்டது, இதன் அமைப்பையொட்டியே.315 அங்குல ரைபிளும் பொது ஜனங்களுக்கென அங்கே செய்யப்பட்டது. இதில் மௌசருக்குள்ள முன் முனை கிடையாது. பின்னுதைப்பு முழுவதும் முன் மரத்தின் பின்கோடியிலுள்ள இரண்டு சிறு முகங்களின்மேல் விழுகிறது. எண்ணெய் ஊறி அம்முகங்கள் நசுங்கிவிட்டால், குழல் எவ்வளவு புதியதாயினும் குண்டுகள் சிதறும். 1912-ல் திறக்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில், இரண்டாவது உலக யுத்த காலத்தில் மென்மையான மரத்தை உபயோகித்தபொழுது, அவ்விடங்களில் செப்புத் தகடு பதித்தனர். பழைய துப்பாக்கிகளில் கெட்டி மரத்துண்டு பதித்து ஒட்டுவதும் உண்டு. குழலை மரத்தில் எங்கும் படாமல் விடவேண்டுமென்பது இக்காலத்தில் வேதவாக்காக வழங்குகிறது. லீ-என்பீல்டு நான்காம் மாதிரியிலோ, முன் மரம் குழலின் நுனியைச் சில ராத்தல் பளுவுடன் மேல்நோக்கித் தாங்கும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. அதை அறியாமல் மரத்தைச் சுரண்டியவர்கள் நல்ல துப்பாக்கியைக் கெடுத்திருக்கிறார்கள்.

எவ்வளவு திருந்தும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 100 கெஜ தூரத்தில் தோட்டாவினால் 2 அங்குலச் சிதறலும், சரியில்லாத இருக்கையினால் 1 அங்குலச் சிதறலும் உண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 3 அங்குலமாகாது. தற்செயலான பிழைகள் சில வேளை சேர்ந்தும் சில வேளை எதிர்த்தும் வருவதால், செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களும் கர்ணமும் போல அவை கூடுகின்றன. மொத்தம் 2¼ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவே. பணம் செலவிட்டு இருக்கையை முற்றும் திருத்தினாலும் கால் அங்குலந்தான் மிச்சம். அமெரிக்க வேட்டைக்காரர் மானின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய இடத்தைச் சுமார் 8 அங்குலமென்று கொள்ளுவர். அங்கே இந்தக் கால் அங்குலத்துக்கு மதிப்பில்லை. இருக்கையின் பிழை 4 அங்குலமாயின், மொத்தம் 4½ அங்குலத்தை எட்டும்; திருத்தியபின் அது 2 அங்குலமாகச் சுருங்கும். தோட்டாவின் சிதறல் அரை அங்குலமேயுள்ள பந்தயத் துப்பாக்கியிலோ, 1 அங்குல இருக்கைப் பிழையை நீக்கினால் சிதறல் பாதிக்கும் கீழே வந்துவிடும். பொன் என்றவனும் பாழ் என்றவனும் எதைக் கண்டு பேசினார்கள் என்பது இதனால் விளங்கும்.

எனவே வேலைக்குக் கொடுக்குமுன் பரீக்ஷை அவசியம். துப்பாக்கியில் தோட்டா இல்லையென்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். குழலும் முன் மரமும் சேரும் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு, முன் திருகாணியை மெள்ளத் தளர்த்தினால், இரும்பு மேலெழும்புவது விரலுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தால் இருக்கை கோணலென்று அறியலாம். பள்ளத்தில் விளக்குக் கரி தடவிய இரும்பை வைத்து எடுத்தால் அது படும் மேடுகள் கறுத்துக் காணும். பலமுறை வெறும் தளர்ந்த திருகாணியே குற்றவாளியாக இருக்கும். அதற்கு மருந்து ஒரு திருப்புளிதான்.

மூன்று குண்டுகள் சுட்டுத் தீர்ப்புச் சொல்லுவது இதில் மலிந்த வழக்கம். ஒன்றையும் மாற்றாமலே ஒரு மூன்று குண்டுத் தொகுதி மற்றொன்றைப்போல் இரு மடங்கு அகன்றிருப்பது சகஜம். பத்துக் குண்டுத் தொகுதி, மூன்று குண்டுத் தொகுதியைவிடச் சராசரியில் ஒன்றரை மடங்குக்குமேல் அகலும். வேலைக்கு முன் பத்து, பின் பத்து, ஒரே பெட்டித் தோட்டாக்களில், சாய்மானம் வைத்துச் சுட்டு ஒப்பிட்டாலன்றிச் செலவு பலித்ததா என்று சொல்ல இயலாது.

வேலை செய்யும் முறை கடினமன்று; கவனம் வேண்டும். பள்ளத்தைச் சிறிது அகழ்ந்து, எபாக்ஸி பசையை நிரப்பி, இரும்பை அதன்மேல் அமர்த்தி உறைய விடுவார்கள். திருகாணிகளைச் சுற்றி அலுமினியக் குழாய் பதித்தால், எவ்வளவு முடுக்கினாலும் மரம் நசுங்காது. மௌசரின் பின் திருகாணிக்கு எஃகுக் குழாய் பண்டே உண்டு. உதைப்பைத் தாங்கும் முனை பின்முகத்தில் மட்டும் படிந்து, முன்னும் பக்கங்களிலும் அடியிலும் இடைவெளி பெறுமாறு அவ்விடங்களில் நாடா ஒட்டுவது வழக்கம். இரும்பின் ஒவ்வொரு மூலையிலும் மெழுகு தடவுவதை மறந்தால் பசை இரண்டையும் ஒன்றாக்கிவிடும்; பிறகு மரக்கட்டையை உடைத்தே துப்பாக்கியை வெளியே எடுக்க நேரலாம்.