தொப்பூர் மேட்டில் திணறுகிறதா டீசல் கார்? ஃபில்டரைக் கொஞ்சம் கவனியுங்க!

தேய்பிறை அஷ்டமி. சேலத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் கிளம்புகிறது. முன்சீட்டில் தாத்தா, பின்சீட்டில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும். டிக்கியில் விளக்கேற்ற பூசணிக்காய். அதியமான்கோட்டை காலபைரவரைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்பது திட்டம்.

சமதளத்தில் கார் நன்றாகத்தான் ஓடுகிறது. தொப்பூர் கணவாயில் ஏற்றம் ஆரம்பித்ததும் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்க மறுக்கிறது. ஒரு குலுங்கல், இன்னொரு குலுங்கல். பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது.

பழைய டீசல் கார் வைத்திருக்கும் பல வீடுகளுக்கு இது தெரிந்த காட்சிதான். டர்போ போச்சா, இன்ஜெக்டர் போச்சா என்று பயப்படுவதற்கு முன்பு பார்க்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அதுதான் டீசல் ஃபில்டர்.

மேட்டில் மட்டும் ஏன்?

சமமான சாலையில் சீராகப் போகும்போது இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும். அடைபட்ட ஃபில்டர்கூட அந்த அளவைக் கொடுத்துவிடும். ஆட்களோடும் லக்கேஜோடும் மேடு ஏறும்போது தேவை பல மடங்காகிறது. அழுக்கேறிய ஃபில்டரால் அந்த வேகத்துக்கு டீசலை விட முடியாது. பிரஷர் குறைவதைக் கவனிக்கும் கம்ப்யூட்டர், இன்ஜினைக் காப்பாற்றுவதற்காகச் சக்தியைக் குறைத்துவிடும். சில நேரம் இன்ஜின் நின்றே போகும்.

கணவாயில் இன்ஜின் நிற்பது சாதாரண விஷயமில்லை. பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் (வேக்குவம்) இரண்டு, மூன்று மிதிகளுக்குத்தான் தாங்கும். அதற்குப் பிறகு பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். விபத்துகளுக்குப் பெயர் பெற்ற அந்தச் சாலையில், முன்னும் பின்னும் கனரக வாகனங்கள் வரும்போது இது உயிர்ப் பிரச்னை.

தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி

இன்றைய டீசல் கார்களில் இருப்பது காமன் ரெயில் தொழில்நுட்பம். 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அறிமுகமாகி, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பல டீசல் கார்களில் இதன் பிரஷர் 1,600 பார் வரை போகும். காரின் டயரில் நாம் பிடிக்கும் காற்று சுமார் 2 பார்தான். கிட்டத்தட்ட 800 மடங்கு!

இந்த பிரஷரைத் தாங்கும் பம்ப், இன்ஜெக்டர் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அங்கே உப்புத்தாள் போல வேலை செய்யும்.

தூசியைவிடப் பெரிய எதிரி தண்ணீர். பாதி காலியான டேங்கில், இரவுக் குளிரில் காற்றின் ஈரம் துளியாகிச் சேரும். பம்புக்கு உயவு எண்ணெய் டீசலேதான். அதன் இடத்தில் தண்ணீர் போனால் தேய்மானம், துரு இரண்டும் வரும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் ஃபில்டரின் அடியில் தங்கும். பல கார்களில் அதை வெளியேற்ற அடியில் ஒரு திருகு இருக்கிறது. டேஷ்போர்டில் ஃபில்டர் படத்துடன் மஞ்சள் விளக்கு எரிந்தால், 'தண்ணீர் சேர்ந்துவிட்டது' என்று அர்த்தம். அதை அலட்சியம் செய்தால் ஃபில்டர் செலவு, பம்ப் செலவாக மாறிவிடும்.

எப்போது மாற்றணும்?

மாடலுக்கு மாடல் கணக்கு மாறும். காரோடு வந்த சர்வீஸ் புத்தகம் சொல்வதே சரி. பொதுவாக 20,000 முதல் 40,000 கி.மீ-க்கு ஒருமுறை. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது, மேட்டில் இழுவை குறைவது, வேகமாகப் போகும்போது வண்டி குலுங்குவது ஆகியவை அறிகுறிகள். கிலோமீட்டர் ஆகவில்லை என்றாலும் அப்போது சோதிக்க வேண்டும்.

மாற்றுவது எப்படி?

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் கூடாது. ஃபில்டரைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைக்க வேண்டும். இல்லையென்றால் கழற்றும்போது அந்த மண்ணே உள்ளே போய்விடும். அடியில் துணியும் ஒரு டப்பாவும் வைத்தால், வழியும் டீசல் ரப்பர் ஹோஸ்கள் மீதும் ஆல்டர்னேட்டர் மீதும் கொட்டாது.

எந்த ஹோஸ் எதில் இருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. ஃபில்டரில் அம்புக்குறி இருந்தால், அது டீசல் இன்ஜினுக்குப் போகும் திசை. பழைய ஓ-ரிங்கை மறுபடி போடக் கூடாது. புதியதில் துளி டீசல் தடவிப் பொருத்த வேண்டும். தண்ணீர் சென்சார் இருந்தால் அதன் ஒயரை மறக்காமல் மாட்ட வேண்டும்.

புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பும் பழக்கம் சிலருக்கு உண்டு. காமன் ரெயில் வண்டிகளில் இது ஆபத்து. வடிகட்டாத டீசல் நேராக பம்புக்குப் போய்விடும்.

ஏர் எடுக்காமல் செல்ஃப் அடிக்காதீங்க!

பலரும் தவறுவது இங்கேதான். புது ஃபில்டருக்குள் இருப்பது வெறும் காற்று. கிணற்று மோட்டாரில் காற்று புகுந்தால் தண்ணீர் ஏறுமா? தண்ணீர் ஊற்றித்தானே இழுக்க வைக்கிறோம்? அதே கதைதான் இங்கேயும். காற்று ஸ்பிரிங் போல அமுங்குமே தவிர, பிரஷரை ஏற விடாது. அந்தக் காற்றை வெளியேற்றுவதுதான் பிரைமிங். பட்டறை மொழியில் 'ஏர் எடுப்பது'.

கை பம்ப் உள்ள வண்டி: ஃபில்டர் மேலேயோ, டீசல் லைனிலேயோ ரப்பர் பல்போ, அழுத்தும் பொத்தானோ இருக்கும். கை இறுகும் வரை அழுத்த வேண்டும். ஏர் திருகு இருந்தால் லேசாகத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும் வரை அழுத்திவிட்டு இறுக்க வேண்டும்.

டேங்கில் எலெக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டி: சாவியை ஆன் நிலையில் மட்டும் சில விநாடிகள் வைத்து ஆஃப் செய்ய வேண்டும். செல்ஃப் அடிக்கக் கூடாது. இதை நான்கைந்து முறை செய்தால் ஃபில்டர் நிரம்பிவிடும். சில மாடல்களுக்கு ஸ்கேனர் கருவி தேவை. அவற்றை மெக்கானிக்கிடம் விடுவதே புத்திசாலித்தனம்.

பிறகு ஸ்டார்ட் செய்யலாம். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்தால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் தப்பிக்கும். டீசல் தீர்ந்துபோய் நின்ற வண்டிக்கும் இதே வைத்தியம்தான்.

இதை மட்டும் தொடவே கூடாது

பழைய வண்டிகளில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுத்தார்கள். காமன் ரெயிலில் இன்ஜின் சுற்றும்போது அந்த உலோக பைப்பில் கை வைக்கவே கூடாது. பீய்ச்சி அடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிக் குத்து மாதிரிதான் தெரியும். உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம்.

கிளம்பும் முன்...

ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடங்கள் ஓடவிட்டு, இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரையும் வடிந்த டீசலையும் சாக்கடையில் கொட்டாமல், கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

முக்கியமாக, பயணத்துக்கு முந்தைய இரவு இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். நான்கைந்து நாள்களுக்கு முன்பே மாற்றி, உள்ளூரில் ஓட்டிப் பார்த்துவிட்டால், கசிவோ காற்றோ இருந்தால் வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கணவாயின் நடுவில், பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை அது.