வில்லும் கையதிர்ச்சியும்

வளைத்த வில்லினின்று அம்பு புறப்பட்ட மறுகணமே, வில்லைப் பற்றியிருக்கும் கையில் ஓர் உதைப்பு உண்டாவதை வில்லாளர் யாவரும் அறிவர். சில விற்களில் அது மெல்லிய நடுக்கமாக அடங்கிவிடும். சிலவற்றிலோ மணிக்கட்டையும் முழங்கையையும் தாக்கி, நாள்தோறும் பயில்பவருக்கு நோவையே உண்டாக்கும். உதைப்பை எதிர்பார்த்துக் கை முன்னதாகவே இறுகிவிடுவதால் குறியும் தவறும். இதனைக் கையதிர்ச்சி எனலாம். முனைகள் எதிர்ப்புறமாக வளைந்த பழைய முறை வில்லில் (இக்காலத்தில் ரீகர்வ் என வழங்கும் வகை) இவ்வதிர்ச்சி எதனால் தோன்றுகிறது, அதனை எவ்வாறு குறைக்கலாம் என்பதை இங்கே காண்போம்.

சக்தியின் பங்கீடு

நாணை இழுக்கையில் நாம் செய்யும் வேலை, வில்லின் இரு கிளைகளிலும் நிலைச் சக்தியாகச் சேர்கிறது. நாணை விட்டதும் அச்சக்தி இயக்க சக்தியாக மாறுகிறது. ஆனால் அப்போது இயங்குவது அம்பு மட்டுமன்று. நாணும் கிளைகளும் அதனுடன் விரைகின்றன. நாண் நேராகும் கணத்தில் அம்பு விடுபட்டுச் செல்கிறது. கிளைகளோ நாணால் திடீரென நிறுத்தப்படுகின்றன. அவற்றில் எஞ்சிய சக்தியில் ஒரு பகுதி உள் உராய்வினால் வெப்பமாகிறது. மற்றப் பகுதி பிடியை முன்னோக்கி இழுத்து, அதிர்வாகக் கையை அடைகிறது.

அமெரிக்கப் பௌதிக அறிஞர் பால் கிளாப்ஸ்டெக் 1943ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் இதனை எளிய கணக்கில் அடக்கிக் காட்டினார். வில்லில் தங்கிவிடும் சக்தியை, அம்பின் வேகத்திலேயே உடன் செல்வதாகப் பாவிக்கும் ஒரு கற்பித நிறை சுமந்து செல்வதாகக் கொள்ளலாம். எந்த அம்பை எய்தாலும் ஒரு வில்லுக்கு இக்கற்பித நிறை ஏறக்குறைய மாறாதது. அம்பின் நிறையை, அம்பு நிறையும் கற்பித நிறையும் சேர்ந்த தொகையால் வகுத்தால், சக்தியில் அம்பு பெறும் பங்கு கிடைக்கும்.

உதாரணமாக, ஒரு வில் 40 ஜூல் சக்தியைச் சேமிப்பதாகவும், அதன் கற்பித நிறை 8 கிராம் என்றும் கொள்வோம். 20 கிராம் அம்பை எய்தால் அம்புக்குச் சுமார் 29 ஜூல் செல்லும். 11 ஜூல் எஞ்சும். 30 கிராம் அம்பை எய்தாலோ அம்புக்கு 32 ஜூல் செல்லும். எஞ்சுவது 8 ஜூலே. அம்பின் வேகம் நொடிக்கு 53 மீட்டரிலிருந்து 46 மீட்டராகக் குறையும். ஆனால் வில்லில் எஞ்சும் சக்தி நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே கையதிர்ச்சிக்கு முதல் மருந்து சற்றுக் கனமான அம்பேயாகும்.

இக்கணக்கே ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால் 40 ஜூலும் வில்லிலேயே தங்கும். கிளை பிளப்பதும், முறிந்த துண்டு முகத்தில் பாய்வதும் இவ்வாறே நேர்கின்றன. வெறும் நாணை இழுத்து விடுவதை விளையாட்டாகவும் செய்தலாகாது. அளவுக்கு மீறி இலேசான அம்பும் ஏறத்தாழ இதே தீங்கைச் செய்யும்.

முனையின் எடை

கிளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை; பிடியின் அருகே அசைவு சிறிது, முனையில் பெரிது. இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே இரு மடங்கு வேகத்தில் செல்லும் ஒரு கிராம், நான்கு மடங்கு சக்தியைக் கொள்கிறது. முனையில் குறைக்கும் ஒரு கிராம், கிளையின் நடுவே குறைக்கும் பல கிராமுக்குச் சமம். நெடுந்தொலைவு எய்தலில் பெயர் பெற்ற துருக்கியர், கொம்பும் மரமும் தசைநாரும் சேர்த்துச் செய்த விற்களுக்குச் சிறிய முனைகளை வைத்தனர். மஞ்சு இனத்தாரின் வில்லிலோ முனைகள் நீண்டு கனத்தவை. அது நீளமான கனத்த அம்புக்கென அமைந்தது. அதில் இலேசான அம்பை எய்தால் உதைப்பு மிகும்.

நாணும் கணக்கில் சேரும். அதன் நிறையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கற்பித நிறையுடன் கூடுகிறது. ஆகவே உறுதி கெடாத அளவுக்கு நாண் மெல்லியதாயிருத்தல் நன்று. எனினும் சிறிதும் நீளாத புது வகை இழைகளைப் பழைய வில்லில் பூட்டுதல் கூடாது. டாக்ரான் போன்ற இழை சற்றே நீண்டு கொடுத்துக் கிளைகளை மெதுவாக நிறுத்தும். நீளாத இழை அவற்றை வெடுக்கென நிறுத்தி, முனையையும் அறுக்கக்கூடும்.

சரிசெய்யும் முறை

நாணேற்றிய நிலையில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியும் அதிர்வைப் பாதிக்கும். வில் செய்தவர் குறித்த எல்லைக்குள், நாணைச் சில முறுக்குகள் கூட்டியும் குறைத்தும் எய்து பார்த்தால், வில் மிக அமைதியாக இயங்கும் அளவு புலப்படும். இரு கிளைகளும் சமமாக வளையாவிடில் ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் திரும்பி, பிடியை மேலும் கீழுமாக ஆட்டும். இதனைத் திருத்துதல் வில் செய்வோர் பணி. நாணில் கட்டும் சிறு கம்பளிக் குஞ்சங்கள் ஒலியையும் நாணின் அதிர்வையும் தணிக்கும். அம்பின் வேகம் சிறிதளவு குறையும்.

இறுதியாக, பிடிக்கும் முறை. வில்லை இறுகப் பற்றினால் அதிர்வு முழுவதும் முன்கைக்குள் ஏறும். பெருவிரலின் அடிச் சதையில் வில்லைத் தாங்கி, மற்ற விரல்களைத் தளர விடல் வேண்டும். முழங்கையை முற்றிலும் நீட்டிப் பூட்டிவிடாமல் சற்றே தளர்த்தியிருத்தல் நலம். வில் நழுவுமென்று அஞ்சுவோர் விரல்களில் ஒரு சிறு கயிற்று வளையத்தை மாட்டிக்கொள்ளலாம்.

எனவே கையதிர்ச்சி கண்டவர் உடனே வில்லைச் செதுக்கத் தொடங்கலாகாது. முதலில் அம்பின் எடையையும், பின் கைப்பிடியையும், அதன்பின் நாணையும் சோதித்தல் வேண்டும். இவற்றை மாற்றிப் பிழை நேர்ந்தால் மீட்டுக்கொள்ளலாம். செதுக்கிய மரத்தையோ மீட்க முடியாது.