மூச்சு மெஷின் பக்கத்தில் ஒரு குரல்

மூச்சுத் திணறலோடு ஐ.சி.யூ.வுக்கு வருகிறவரின் முகத்தில் இறுக்கமான மாஸ்க் ஒன்றை வைத்து, பின்னந்தலையில் பட்டை போட்டுக் கட்டுகிறார்கள். மெஷின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. ஏற்கெனவே காற்று போதாமல் தவிப்பவருக்கு, மூக்கையும் வாயையும் யாரோ பொத்திப் பிடித்த மாதிரிதான் முதலில் தோன்றும். மூக்குத்தண்டு வலிக்கும், நாக்கு உலரும், ஓரத்தில் கசியும் காற்று கண்ணில் அடிக்கும், வயிறு உப்பும். ஒரு வாய் தண்ணீர் கேட்கவும் சிரமம். சிலர் பொறுக்கமாட்டாமல் மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறார்கள். "பேஷன்ட் ஒத்துழைக்க மாட்டேங்கிறார்" என்று வெளியே நிற்கும் உறவினருக்குத் தகவல் வரும்.

தொண்டைக்குள் குழாய் விடாமல் மாஸ்க் வழியாகவே மூச்சுக்குத் துணை நிற்கும் இந்தச் சிகிச்சைக்கு என்.ஐ.வி. என்று பெயர். அதன் பலன் என்ன என்பதை, ஐரோப்பிய மருத்துவமனைகள் சில சேர்ந்து 85 சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. (புகைபிடிப்பவர்களையும், விறகடுப்புப் புகையில் வருடக்கணக்காகச் சமைத்தவர்களையும் பிடிக்கும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அது.) வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்குக் குழாய் போட வேண்டியிருந்தது, மாஸ்க் வைத்தவர்களில் 26 சதவீதம் பேருக்குத்தான். மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் முதல் பிரிவில் 29 சதவீதம், இரண்டாவதில் 9 சதவீதம். அந்த மாஸ்க்கைத்தான் பயத்தில் பிடுங்குகிறார்கள்.

தூங்க வைக்கும் மருந்து கொடுத்தால் என்ன? கொடுப்பதுண்டு, ஆனால் தயங்கித் தயங்கி. அந்த மருந்துகளில் பலவும் மூச்சை மந்தமாக்கும். சளியை இருமித் துப்பவும் விழிப்பு வேண்டும். மருந்து கொடுக்கத் தயங்கும் இந்த இடத்தில்தான் சில மருத்துவர்கள் ஹிப்னாசிஸ் பக்கம் திரும்பினார்கள்.

ஹிப்னாசிஸ் என்றதும் நமக்குக் கண்ணை உருட்டும் சினிமா மந்திரவாதிதான் ஞாபகத்துக்கு வருகிறார். கட்டிலருகே நடப்பதில் அந்த ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. பயிற்சி பெற்ற நர்ஸோ மருத்துவரோ பக்கத்தில் உட்கார்ந்து, நோயாளிக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டுக்கொள்கிறார். ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்கிறார். பிறகு நிதானமான குரலில் அந்த இடத்துக்குக் கூட்டிப் போகிறார். மெஷினை மறக்கச் சொல்வதில்லை, அதையும் கூடவே அழைத்துக்கொள்கிறார். உஸ்ஸென்று அடிக்கும் காற்று ஆற்றங்கரைக் காற்றாகிறது. அதன் ஏற்ற இறக்கம் படகின் ஆட்டமாகிறது. நோயாளி தூங்கிவிடுவதில்லை. கேட்டதற்கு விரலசைத்துப் பதில் சொல்கிறார். வேண்டாமென்றால் அந்த நொடியே நிறுத்திக்கொள்ளலாம்.

இதற்கு நம் நாட்டிலும் ஒரு பழைய கதை உண்டு. வங்காளத்தின் ஹூக்ளியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெயில், 1845 முதல் அன்றைய 'மெஸ்மெரிசம்' முறையில் நோயாளிகளை ஆழ்ந்த நிலைக்குக் கொண்டுபோய், பெரிய கட்டிகளைக்கூட அறுத்தெடுத்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஈதர் மயக்க மருந்தாக அறிமுகமானது. பின்னாலேயே குளோரோஃபார்மும் வர, எஸ்டெயிலின் முறைக்கு மவுசு போயிற்று. அது மறுபடி அறுவை அரங்குக்குள் காலூன்றிய இடங்களில் முக்கியமானது பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். அங்கே 1992 முதல் மயக்கவியல் மருத்துவர் மேரி எலிசபெத் ஃபேமோன்வில்லின் குழு, ஹிப்னாசிஸோடு மரத்துப்போகும் ஊசியும் சொற்ப மருந்தும் மட்டும் கொடுத்துத் தைராய்டு உள்ளிட்ட அறுவைகளை நடத்தியிருக்கிறது.

நோயாளி சும்மா தலையாட்டுகிறாரோ என்ற சந்தேகம் நியாயமானதுதான். அதற்கு 1997இல் மாண்ட்ரியலில் பியர் ரென்வில்லின் குழு ஒரு பதில் தந்தது. சுடுநீரில் கையை வைத்தவர்களுக்கு, 'இது அவ்வளவு தொல்லையாக இல்லை' என்று ஹிப்னாசிஸில் சொன்னபோது, வலியின் வேதனையோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் வேலையே மாறியது ஸ்கேனில் தெரிந்தது. மூச்சுத் திணறலிலும் இதே இரண்டு அடுக்கு உண்டு: மூச்சு முட்டுவது ஒன்று, அதனால் வரும் திகில் இன்னொன்று. பிரான்சில் ஆரோக்கியமான 20 பேருக்குச் செயற்கையாக மூச்சு முட்டவைத்துப் பார்த்தார்கள். ஹிப்னாசிஸ் இரண்டையுமே தணித்தது.

பாரிஸுக்கு வெளியே, ஒருகாலத்தில் காசநோய் சானட்டோரியமாக இருந்த ப்ளின்யி மருத்துவமனையில் முற்றிய சி.ஓ.பி.டி. உள்ள 21 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு நாள் 15 நிமிட ஹிப்னாசிஸ், இன்னொரு நாள் அதேபோலத் தோன்றும் போலிப் பயிற்சி. 2020இல் வெளியான முடிவின்படி, ஹிப்னாசிஸுக்குப் பின் பதற்ற அளவு கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. மூச்சின் வேகமும் தணிந்தது. சின்ன ஆய்வுதான். அதை வைத்துக்கொண்டு எல்லா ஐ.சி.யூ.வுக்கும் சட்டம் போட முடியாது.

எல்லோருக்கும் இது பலிப்பதும் இல்லை. சிலர் சட்டென ஆழ்ந்துவிடுவார்கள், சிலர் அசையவே மாட்டார்கள். காது கேளாதவர், நினைவு தடுமாறிப் பிதற்றுபவர், மருத்துவரின் மொழி புரியாதவர் ஆகியோரிடம் முயல்வது வீண். உடனே குழாய் போட்டாக வேண்டியவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தால் அது குற்றம்.

ஆனால் முழு ஹிப்னாசிஸ் இல்லாமலே, பேசும் வார்த்தையைக் கவனித்தே செய்யக்கூடியதும் இருக்கிறது. அமெரிக்காவில் எல்விரா லாங் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளை 'இப்போ வலிக்கும்' என்று எச்சரித்தது வலியையும் பதற்றத்தையும் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. மாஸ்க் விஷயத்தில் அனுபவசாலிகள் ஏற்கெனவே கையாளும் ஒரு வழக்கம் உண்டு: பட்டையை உடனே கட்டுவதில்லை. காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வைத்து, மாஸ்க்கை நோயாளியின் கையிலேயே கொடுத்து, "நீங்களே பிடிச்சுக்குங்க ஐயா, வேணும்னா எடுத்துக்கலாம்" என்கிறார்கள். நாலைந்து மூச்சு பழகிய பிறகுதான் பட்டை.