படகு டிரெய்லரின் பின் விளக்கு: தண்ணீரில் இறக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள்!

போட்டிக்குப் போகும் சிறு பாய்மரப் படகுகள், கார் இழுக்கும் டிரெய்லரில் ஊர்விட்டு ஊர் செல்வதுண்டு. படகை இறக்க, டிரெய்லரையும் தண்ணீரில் விட வேண்டும். அங்கேதான் பின் விளக்குக்கு ஆபத்து!

சூடான பல்பு மேல் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடும். உப்புநீர் பித்தளை முனைகளை அரிக்கும். இரவில் விளக்கு எரியாவிட்டால், பின்னால் வரும் லாரிக்கு டிரெய்லர் தெரியாது.

தண்ணீரில் இறக்குமுன் டிரைவர் விளக்கு பிளக்கைக் கழற்றி, பல்பை ஆறவிட வேண்டும். விளக்குகளைத் தனிப் பலகையில் பொருத்தினால், கரையிலேயே கழற்றி வைக்கலாம். 'எர்த்' கம்பியைச் சட்டத்தோடு முடிக்காமல், ஒவ்வொரு விளக்குக்கும் தனியே இழுப்பது நல்லது. சட்டத்தில் துரு ஏறினால் வெளிச்சம் மங்கும். முனைகளில் கிரீஸ் தடவலாம்.

நீர் புகாத எல்.இ.டி. விளக்கானால் தொல்லை குறைவு. எதுவானாலும், புறப்படுமுன் ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்த்துவிட வேண்டும்.