புதையல் தீவும் குடும்ப அரங்கும்

இங்கிலாந்தின் அரங்குகளிலே நத்தார்க் காலத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து காணும் நாடகங்களுள் 'புதையல் தீவு' நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றது. றொபேட் லூயி ஸ்ரீவன்சன் இயற்றிய இக்கடற்கொள்ளையர் கதை, பிறக்கும்போதே ஒரு குடும்பத்தின் நடுவிற் பிறந்தது. 1881 ஆம் ஆண்டுக் கோடையில், ஸ்கொத்லாந்தின் பிரேமார் என்னும் ஊரில், மழை வெளியே செல்லவிடாத நாளொன்றில் வரையப்பட்ட தீவுப்படமே அதன் வித்து. எழுதிய அத்தியாயங்களை ஆசிரியர் நாள்தோறும் வீட்டாருக்குப் படித்துக் காட்டினார். கலங்கரை விளக்கப் பொறியியலாளரான அவர் தந்தை, இறந்த மாலுமியின் பெட்டியில் இருக்கவேண்டிய பொருள்களுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். மனைவியின் முதல் மணத்துப் புதல்வனான 13 வயது லொயிட், கதையிலே பெண்கள் வருதலாகாதென விதித்தான். சொல்லத்தக்க பெண்ணாக எஞ்சியவள் சிறுவன் ஜிம்மின் தாய் ஒருத்தியே. 2014 இல் லண்டன் தேசிய அரங்கு மேடையேற்றிய பிரயோனி லேவரியின் நாடகத்தில் ஜிம்மே ஒரு சிறுமியானாள். லொயிட்டின் விதி அங்ஙனம் மீறப்பட்டதாற் கதைக்கு ஊறொன்றும் நேரவில்லை.

நாடகமாக்குவோர்க்கு உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. நாவலின் பெரும்பகுதியை ஜிம்மே தன்வாய்மொழியாகக் கூறுகிறான். மேடையிலோ அவனும் பிறருள் ஒருவன். எனினும் இவ்விழப்பு ஓரிடத்திற் பேறாகின்றது. அப்பிள் பீப்பாவினுள் ஒளிந்திருந்து ஜிம் சதியைக் கேட்கும் காட்சியில், வாசகன் பீப்பாவின் இருளில் அவனோடிருந்து குரல்களை மட்டுமே கேட்கிறான். அரங்கிலிருப்போரோ பீப்பாவையும் சதிகாரரையும் ஒருசேரக் காண்கின்றனர். சில்வர் தனக்கொரு அப்பிள் எடுத்துத் தருமாறு பணிக்குங் கணத்தில், பிள்ளைகள் மட்டுமன்றி அருகிருக்கும் பெற்றோரும் மூச்சடக்குவர்.

ஒற்றைக்காலனான இச் சில்வரே நாடகத்தின் உயிர். காசநோயால் ஒரு காலை இழந்தும் தளராத தம் நண்பர் ஹென்லியின் வலிமையை நினைந்தே ஸ்ரீவன்சன் அவனைப் படைத்தார். 1959 இல் தேம்சு நதிக்கரையில் மேர்மெயிட் அரங்கைத் திறந்த பேணாட் மைல்ஸ், பல நத்தார்க் காலங்களில் இப்பாத்திரமேற்றுப் புகழ்பெற்றார். ஆயின் சிறுவர் அஞ்சுவரெனக் கருதிச் சில்வரைக் கோமாளியாக்குவோரும் உளர். அது பெரும் பிழை. சதிக்கு இணங்காத தொம் என்னும் மாலுமியை அவன் ஊன்றுகோலால் எறிந்து வீழ்த்திக் கத்தியாற் குத்திக் கொல்வதை ஜிம் மறைந்திருந்து பார்க்கிறான். அதே சில்வர்தான் பின்னர்த் தன் கூட்டத்தாரை எதிர்த்துநின்று ஜிம்மின் உயிரைக் காக்கிறான். கொலையை நீக்கிவிட்டால் ஜிம்மின் நெஞ்சிற் போராட்டமில்லை. அரங்கிலிருக்கும் பிள்ளைக்கும் இல்லை.

இறுதியிற் சில்வர் ஒரு பை நாணயங்களோடு தண்டனையின்றித் தப்பிவிடுகிறான். தீயோன் தண்டிக்கப்படவில்லையே என்று தந்தை முகஞ்சுளிக்கும்போது, பக்கத்திலிருக்கும் பிள்ளை உள்ளூர மகிழ்ந்திருக்கும்.