வெப்பத் தடுப்புக்குச் சான்று வேண்டாமா?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும்போதெல்லாம் வீடுகளின் மாடிகளைக் கவனிப்பது என் வழக்கம். சில கான்கிரீட் மாடிகளில் வெள்ளைப் பூச்சு. சிலவற்றில் வெண்ணிற ஓடுகள். வெப்பத் தடுப்புப் பலகையைப் பரப்பி, அதன்மீது தளம் போடுவோரும் உண்டு. பகலில் வாங்கிய வெயிலை இரவில் வீட்டுக்குள் இறக்கும் கூரையின்கீழ் உறங்குவோருக்கு இது ஆடம்பரமன்று. வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழக அரசே மாநிலப் பேரிடராக அறிவித்தது.

ஆனால், செலவழித்துச் செய்த இப்பணிக்கு எத்தனை வீடுகளில் சான்று இருக்கும்?

புதிய குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, கூரைக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டில், ஒரு சதுர மீட்டர் கூரை வழியே 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது. வெறும் ஆறு அங்குல கான்கிரீட் கூரையில் இது ஏறத்தாழ 3 வாட்டைத் தாண்டும். 40 மில்லிமீட்டர் தடுப்புப் பலகை அதை ஒரு வாட்டுக்கும் கீழே இறக்கிவிடும்.

வெள்ளைப் பூச்சின் வேலை வேறு. அது வெயிலைத் திருப்பி அனுப்புகிறதே தவிர, கூரையின் வெப்பம் கடத்தும் தன்மையை மாற்றுவதில்லை. எனவே, பூச்சை 'வெப்பத் தடுப்பு அடுக்கு' என்று எழுதினால் கணக்கே பிழையாகும். கடற்கரையில் தூசும் உப்புக் காற்றும் படிய, பூச்சின் பயன் குறையும். ஆகவே, பூசிய தேதியும் மறுபூச்சுத் தேதியும் முக்கியம்.

பலகையின் சிக்கல் இன்னும் பெரிது. தளம் மூடிய பிறகு அதை எவரும் காண முடியாது. குளிருக்கு எதிராக வீடுகளைச் செப்பனிடும் பிரிட்டனின் அனுபவம் இங்கே பாடமாகும். அங்கு எரிசக்திச் சான்றிதழ் வழங்கும் மதிப்பீட்டாளர், கண்ணுக்குத் தெரியாத தடுப்புக்கு ஆவணம் இல்லையெனில், வீடு கட்டப்பட்ட காலத்துக்குரிய பொது நிலையையே கணக்கில் கொள்வார். செய்த பணி செய்யாததாகிவிடும்.

நம் நாட்டிலும் எரிசக்தித் திறன் பணியகம் வீடுகளுக்கு நட்சத்திரக் குறியீட்டை வகுத்துள்ளது. நாளை பழைய வீடுகளுக்கும் சான்றோ மானியமோ வருமானால், ஆவணம் வைத்திருப்பவரே பயன்பெறுவார்.

இதற்குப் பெரும் செலவில்லை. மூடுவதற்கு முன் அளவுகோலை வைத்து எடுத்த படம், அடுக்குகளின் வரிசையும் தடிமனும், பரப்பளவு, பொருளின் பெயரும் ஆய்வறிக்கையும், ரசீது, தேதி ஆகியவை போதும். கொத்தனார் கூலியைத் தீர்க்கும் முன்பே இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஊராட்சிகளும் நகராட்சிகளும் கட்டட அனுமதிக் கோப்புடன் இதற்கென ஒரு பக்கத்தைச் சேர்த்துப் பேணலாம். வீடு கைமாறினாலும் அந்தப் பதிவு வீட்டோடு நிற்கும்.